பாட்டிலுக்கும் சொந்த ஊர் உண்டு: மாநிலம் தாண்டிப் போகிறவர்களுக்கான மது விதிக் கையேடு

சென்னையிலிருந்து அகமதாபாத் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸ், நந்துர்பாரைத் தாண்டி சூரத்தை நோக்கி ஓடும்போது நவாப்பூர் என்ற சின்ன ஸ்டேஷனைக் கடக்கிறது. அந்த ஸ்டேஷனின் ஒரு பாதி மகாராஷ்டிரத்தில் இருக்கிறது, மறு பாதி குஜராத்தில். நடைமேடையில் ஒரு பெஞ்சு இரண்டு மாநிலத்திலும் கால் வைத்துக் கிடக்கிறது. பையில் சீல் உடைக்காத ஒரு குவாட்டரோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் நாலு அடி நகர்ந்தால் போதும், மதுவிலக்கு மாநிலத்துக்குள் சரக்கு கொண்டுவந்தவர் ஆகிவிடுவார்.

இந்தியாவில் மதுவுக்கு ஒரே சட்டம் கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 8-வது இனம் மதுவைத் தயாரிப்பது, வைத்திருப்பது, கொண்டுபோவது, விற்பது எல்லாவற்றையும் மாநிலங்களின் கையில் கொடுத்திருக்கிறது. 51-வது இனம் அதன்மேல் ஆயத்தீர்வை விதிக்கும் உரிமையையும் கொடுத்திருக்கிறது. குடிக்கும் மது ஜி.எஸ்.டி.க்குள் வரவே இல்லை. அதனால் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு மாநிலத்துக்கு மட்டும் வரி கட்டிய பொருள். எல்லையைத் தாண்டியதும் அடுத்த மாநிலத்தின் கண்ணுக்கு அது வரி கட்டாத சரக்கு. நீங்கள் காசு கொடுத்து, பில் வாங்கி, நேர்மையாக வாங்கியிருக்கலாம். செக்போஸ்டில் நிற்பவருக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை.

ஆகவே எங்கள் முதல் ஆலோசனை இதுதான்: வாங்கிய மாநிலத்திலேயே குடித்து முடியுங்கள், போகும் ஊரில் புதிதாக வாங்குங்கள். கீழே உள்ளதில் பாதி, இதை மீறும்போது என்ன ஆகும் என்பதைப் பற்றியதுதான்.

கிளம்புமுன் வழியை எழுதிக்கொள்ளுங்கள்

சேரும் ஊரை மட்டும் பார்த்தால் போதாது. ரயிலோ காரோ எந்தெந்த மாநிலத்துக்குள் நுழைந்து வெளியேறுகிறது என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து அசாம் போகிறவர் தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா, வங்காளம், அசாம் என்று விரலை மடக்குவார். மால்டாவுக்கும் நியூ ஜல்பைகுரிக்கும் நடுவில் ரயில் கிஷன்கஞ்ச் வழியாகப் போகிறது. அது பீகார். குவாஹாட்டியைத் தாண்டி திப்ரூகர் பக்கம் போனால் திமாப்பூர் வரும். அது நாகாலாந்து. இரண்டும் மதுவிலக்கு மாநிலங்கள். நீங்கள் இறங்காவிட்டாலும் உங்கள் பெட்டி அங்கே அரை மணி நேரம் அந்த மாநிலத்துச் சட்டத்தின் கீழ்தான் இருக்கிறது.

சாலையிலும் இதே கதைதான். புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் போவது ஒரே யூனியன் பிரதேசத்துக்குள் போவதுபோலத் தோன்றும். வழியெல்லாம் கடலூர், சிதம்பரம், சீர்காழி. புதுச்சேரியில் வாங்கிய பாட்டில் காரைக்காலில் மறுபடி சட்டப்படியானதாகிவிடும், நடுவில் உள்ள தூரத்துக்குத்தான் ஆபத்து. கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவே கிடக்கும் மாஹேயிலும், ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமிலும், குஜராத்தை ஒட்டிய டாமன், டையூவிலும் இதே வலைதான் விரித்திருக்கிறது. உள்ளே உட்கார்ந்து குடிப்பதில் தொந்தரவு இல்லை. வெளியே வரும் வண்டியைத்தான் திறந்து பார்க்கிறார்கள்.

மதுவிலக்கு உள்ள இடங்கள்

குஜராத், பீகார், நாகாலாந்து, மிசோரம் ஆகிய மாநிலங்களும் லட்சத்தீவும். லட்சத்தீவில் பங்காரம் தீவின் விடுதியில் மட்டும் விலக்கு உண்டு. பட்டியல் இப்படி ஒரே வரியில் முடிந்தாலும், குஜராத்தும் பீகாரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. வெளியூர்க்காரர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குஜராத் 1960-ல் தனி மாநிலமானதிலிருந்தே மதுவிலக்கில் இருக்கிறது. பழைய பம்பாய் மாகாணத்தின் 1949-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. ஆனால் அங்கே பர்மிட் உண்டு. வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர், குஜராத் முகவரி இல்லாத அடையாள அட்டை, அங்கே வந்து சேர்ந்ததற்கான டிக்கெட், தங்கும் இடத்தின் விவரம் ஆகியவற்றைக் காட்டி ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். பர்மிட் குறுகிய நாட்களுக்குத்தான், முடிந்தால் நீட்டிக்க வேண்டும். அதைக் காட்டி, அனுமதி பெற்ற ஹோட்டல்களில் உள்ள பர்மிட் கடையில் வாங்கலாம். அளவு யூனிட் கணக்கில் போகும், 750 மி.லி. ஸ்பிரிட் பாட்டில் ஒன்று ஒரு யூனிட். வாங்கியதை அறையில் வைத்துக் குடிக்க வேண்டும். தெருவிலோ தோட்டத்திலோ நண்பர் வீட்டு மொட்டை மாடியிலோ அல்ல.

பலர் தவறுவது இரண்டு இடத்தில். முதலாவது, வேலைக்காகச் சூரத்திலோ வதோதராவிலோ தங்கி ஆதாரில் முகவரியை மாற்றியவர் இனி வெளியூர்க்காரர் அல்ல. அவருக்கு இருக்கும் ஒரே வழி, 40 வயதுக்கு மேல் மருத்துவக் காரணத்தோடு கேட்கும் ஹெல்த் பர்மிட். இரண்டாவது, பர்மிட் என்பது குஜராத்தில் வாங்கி, குஜராத்தில் குடிப்பதற்கு. சென்னையிலிருந்து கொண்டுவந்த பாட்டிலுக்கு அது கவசமாகாது. காந்திநகரை ஒட்டிய கிஃப்ட் சிட்டியில் மட்டும் 2023 டிசம்பரில் ஹோட்டல், உணவகங்களில் மது பரிமாற அனுமதி கொடுத்தார்கள். அங்கேயும் உட்கார்ந்து குடிக்கத்தான் அனுமதி, பாட்டில் வாங்கிக்கொண்டு வெளியே வர அல்ல.

பீகாரில் பர்மிட் என்ற பேச்சே இல்லை. 2016 ஏப்ரல் முதல் முழு விலக்கு. சுற்றுலாப் பயணி, தொழிலதிபர், ஐந்து நட்சத்திர ஹோட்டல் என்று யாருக்கும் தனிக் கதவு கிடையாது. வைத்திருந்தால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள், குடித்த நிலையில் இருப்பதே குற்றம். உத்தரப் பிரதேசத்திலோ ஜார்க்கண்டிலோ மதியம் இரண்டு பெக் போட்டுவிட்டு மாலையில் எல்லை தாண்டி வருகிறவரை ஊதச் சொல்லிப் பிடிப்பது அங்கே வழக்கமான வேலை. ‘என் சொந்தக் கார், பொது இடமா?’ என்ற வாதமும் எடுபடாது. பீகார் வழக்கு ஒன்றில் 2019-ல் உச்ச நீதிமன்றம், பொதுச் சாலையில் போகும் தனியார் வாகனமும் பொது இடமே என்று சொல்லிவிட்டது. 2022-ல் செய்த திருத்தத்தின்படி, முதல் முறை குடித்துப் பிடிபட்டால் மாஜிஸ்ட்ரேட் முன் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் கட்டி வெளியே வரலாம். கட்டாவிட்டால் ஒரு மாதம் சிறை. இரண்டாவது முறைக்கு இந்தச் சலுகை இல்லை. பாட்டிலோடு பிடிபட்டால் கதையே வேறு, வண்டியும் சேர்ந்து போகும். பாட்னா, கயா, ராஜ்கீர் போகிறவர் முந்தின நாளே நிறுத்திவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

நாகாலாந்தில் 1989-ஆம் ஆண்டுச் சட்டம், மிசோரமில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம். நடைமுறையில் திமாப்பூரில் மறைவாகச் சரக்கு ஓடுவது ஊரறிந்தது. ஆனால் மறைவாக ஓடும் சரக்கில் என்ன இருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

மாநிலம் ஈரம், ஊர் வறட்சி

மாநிலத்தில் கடை திறந்திருக்கலாம், நீங்கள் போகும் மாவட்டத்திலோ ஊரிலோ மூடியிருக்கலாம். மகாராஷ்டிரத்தில் காந்தியின் சேவாகிராமம் உள்ள வர்தா மாவட்டமும், 1993 முதல் கட்சிரோலி மாவட்டமும் மதுவிலக்கில் இருக்கின்றன. சந்திரபூரில் 2015-ல் கொண்டுவந்த விலக்கை 2021-ல் எடுத்துவிட்டார்கள். அந்த மாநிலத்தில் ஒரு கிராமமோ வார்டோ வாக்கெடுப்பு வைத்துத் தன் எல்லைக்குள் இருக்கும் கடையை மூடவும் முடியும். வாக்குச்சீட்டில் நிற்கும் பாட்டில் ஒன்று, படுத்த பாட்டில் ஒன்று. ‘ஆட்வீ பாட்லி’, அதாவது படுத்த பாட்டில், பாதிக்கு மேல் வாங்கினால் கடைக்குப் பூட்டு. கேட்டு வாங்குவதிலும் ஓட்டுப் போடுவதிலும் பெரும்பாலும் முன்னால் நிற்பவர்கள் பெண்கள்.

கோயில் ஊர்களைத் தனியாகப் பாருங்கள். திருமலைக்குப் போகும் வண்டிகளை அலிபிரியில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். மது, இறைச்சி, சிகரெட் எதுவும் மேலே போகாது. முந்தின இரவு வாங்கி டிக்கியில் மறந்துபோன அரை பாட்டில்தான் அங்கே அடிக்கடி மாட்டுவது. ஹரித்வாரும் ரிஷிகேஷும் இதே வகை. மத்தியப் பிரதேசத்தில் உஜ்ஜயினி உள்ளிட்ட கோயில் ஊர்களில் 2025 ஏப்ரல் 1 முதல் கடைகளை மூடிவிட்டார்கள். அந்த உஜ்ஜயினியில்தான் கால பைரவருக்கு மதுவே நைவேத்தியம். சட்டத்தையும் வழக்கத்தையும் ஒரே ஊரில் இப்படி முட்டவிட்டுப் பார்ப்பது வேறெங்கும் கஷ்டம்.

வயது, பர்மிட், நாள்

வயது வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் 18 முதல் 25 வரை ஏறி இறங்கும். புதுச்சேரியிலும் ராஜஸ்தானிலும் 18. தமிழ்நாடு, ஆந்திரம், உத்தரப் பிரதேசம், வங்காளத்தில் 21. ஹரியானா 2021-ல் 25-ஐ 21-ஆக இறக்கியது. கேரளம் 2017-ல் 21-ஐ 23-ஆக ஏற்றியது. டெல்லியிலும் பஞ்சாபிலும் 25. கர்நாடகத்தில் வேடிக்கை: சட்டத்தில் 18 என்றும் அதன்கீழ் வந்த உரிம விதியில் 21 என்றும் இருக்கிறது. இதைச் சரிசெய்து 18 ஆக்க 2023-ல் ஒரு வரைவு வந்தது, எதிர்ப்பில் திரும்பிப் போனது. பெங்களூரு பப் வாசலில் 21-தான் கேட்பார்கள். கல்லூரி முடித்த 22 வயதுப் பையன் சென்னையில் வாங்கலாம், கொச்சியில் முடியாது, டெல்லியில் பாருக்குள் காலே வைக்க முடியாது. பிறந்த தேதி உள்ள அடையாள அட்டையின் அசல் கையில் இருக்கட்டும்.

மகாராஷ்டிரத்தில் பீருக்கும் ஒயினுக்கும் 21, விஸ்கி, ரம் வகையறாவுக்கு 25. அதோடு, ஏட்டுச் சட்டப்படி அங்கே குடிக்க ஒவ்வொருவருக்கும் பர்மிட் வேண்டும். ஒருநாள் பர்மிட் 5 ரூபாய், நாட்டுச் சரக்குக்கு 2 ரூபாய். ஆண்டுக்கு 100, ஆயுளுக்கு 1,000. மும்பையில் எத்தனையோ பேர் இதைக் கேள்விப்படாமலே குடித்துக்கொண்டிருக்கிறார்கள், கடைக்காரரும் கேட்பதில்லை. ஆனால் வாடகைக்கு எடுத்த பங்களாவில் விருந்து நடந்து அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தால், அதிகாரி முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். 5 ரூபாயில் முடிகிற விஷயத்தை வழக்காக்கிக்கொள்ள வேண்டாம்.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை எங்கும் பொதுவான மூடல் நாட்கள். மற்றவை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே 1, மீலாது நபி ஆகியவையும் சேரும். கேரளத்தில் ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி கடை கிடையாது. சம்பளம் வந்த அன்றைக்கே அது கரையக் கூடாது என்ற கணக்கு அது. மாதக் கடைசியில் மூணாறு போய், மறுநாள் வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் வெறுங்கையோடு நிற்பது இதனால்தான். தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் மூடல், வாக்கு எண்ணும் நாளிலும் மூடுவார்கள். பக்கத்து மாநிலத்தில் தேர்தல் நடந்தாலும் எல்லையோரக் கடைகளை மூடச் சொல்லலாம். ஓசூர், சித்தூர் பக்கம் பயணம் என்றால் இரண்டு மாநிலக் காலண்டரையும் பாருங்கள்.

கடையை அடையாளம் காண்பது

தமிழ்நாட்டில் 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக்கிடம் மட்டும், மதியம் 12 முதல் இரவு 10 வரை. கேரளத்தில் அரசின் பெவ்கோவும் கூட்டுறவு அமைப்பான கன்ஸ்யூமர்ஃபெட்டும். அங்கே நீண்ட வரிசை நிற்கும், ஆனால் அது அமைதியான வரிசை. நடுவில் நுழையப் பார்த்தால் மொத்த வரிசையும் திரும்பிப் பார்க்கும்.

கர்நாடகத்தில் பலகையின் ஓரத்தில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் படியுங்கள். சி.எல்.-2 என்றால் பாட்டில் விற்கும் கடை. சி.எல்.-9 என்றால் பார் அண்ட் ரெஸ்டாரண்ட். சி.எல்.-7 லாட்ஜோடு சேர்ந்த பார். ஒரே பிராண்டு சி.எல்.-2-ல் அச்சிட்ட விலைக்கும், சி.எல்.-9-ல் அவர்கள் விலைக்கும் வரும். ‘ஏன் கூட வாங்கினாய்’ என்று பாரில் சண்டை போட்டுப் பயனில்லை. 90 மி.லி. டெட்ரா பேக் அங்கே சர்வசாதாரணம், ஓசூர் எல்லையில் சட்டைப்பையில் மாட்டுவதும் பெரும்பாலும் அதுதான். கொல்கத்தாவில் ‘எஃப்.எல். ஆஃப் ஷாப்’ என்றால் வாங்கிக்கொண்டு போக, ‘ஆன் ஷாப்’ என்றால் உட்கார்ந்து குடிக்க. தெலங்கானாவில் ‘ஒயின்ஸ்’ என்று எழுதியிருக்கும் கடையில் ஒயினைத் தவிர எல்லாம் முன்வரிசையில் இருக்கும். பக்கத்தில் உள்ள ‘பர்மிட் ரூம்’ நம்மூர் பார். வடக்கே கடைக்கு ‘டேக்கா’, ஒட்டிய குடிக்கும் இடத்துக்கு ‘அஹாத்தா’. ‘தேசி’ என்று பலகை இருந்தால் அது நாட்டுச் சரக்குக் கடை, ‘அங்ரேஸி’ என்றால் நம் கணக்கில் பிராந்தி விஸ்கி.

அளவுப் பெயரும் மாறும். நம் குவாட்டர் வடக்கே ‘பவ்வா’, ஆஃப் என்பது ‘அத்தா’, ஃபுல்லுக்கு ‘கம்பா’. தொட்டுக்கொள்வது வடக்கே ‘சக்னா’, கேரளத்தில் ‘டச்சிங்ஸ்’, நம்மூரில் சைட் டிஷ்.

பாட்டிலைப் படிப்பது எப்படி

வாங்கியதும் மூன்றைப் பாருங்கள். மூடியின் சீல், அதன்மேல் ஒட்டிய ஆயத்தீர்வை ஹோலோகிராம் ஸ்டிக்கர், லேபிளில் ‘இந்த மாநிலத்தில் மட்டும் விற்பனைக்கு’ என்ற வரி. கர்நாடகக் கடையில் கோவா லேபிள் இருந்தால் அது கடத்தல் சரக்கு. மூடியைத் திருப்பினால் வளையம் உடையாமல் முழுதாகச் சுழல்கிறது என்றால் ஏற்கெனவே திறந்தது. ஸ்டிக்கர் கிழிந்து மறுபடி ஒட்டியதாகத் தெரிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் நீலகிரியில் தொடங்கிப் பிற இடங்களுக்கும் விரிந்த காலி பாட்டில் திட்டத்தில் 10 ரூபாய் முன்பணம் வாங்குகிறார்கள். ஒட்டிய ஸ்டிக்கரோடு காலி பாட்டிலைத் திருப்பினால்தான் அது கிடைக்கும்.

எவ்வளவு வைத்திருக்கலாம், எப்படிக் கொண்டுபோவது

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பியவர் சொந்த உபயோகத்துக்கு 4.5 லிட்டர் பிராந்தி, விஸ்கி வகையும், 7.8 லிட்டர் பீரும், 9 லிட்டர் ஒயினும் வைத்திருக்கலாம். 7.8 என்பது 650 மி.லி. பீர் 12 பாட்டில். கேரளத்தில் 3 லிட்டர் விஸ்கி வகை, பீர் 3.5, ஒயின் 3.5, கள் 1.5 லிட்டர். டெல்லியில் 9 லிட்டர் விஸ்கி வகையும் 18 லிட்டர் பீர், ஒயினும். இந்த எண்களை வைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். ‘4.5 லிட்டர் வரைக்கும் ஓகே’ என்று புதுச்சேரியிலிருந்து ஆறு பாட்டில் ஏற்றிவருகிறார்கள். அந்த வரம்பு தமிழ்நாட்டுக்கு வரி கட்டிய பாட்டிலுக்கு. வெளிமாநில லேபிள் ஒன்றே ஒன்று இருந்தாலும் கோட்டக்குப்பத்திலோ கடலூர்ப் பாதையிலோ பறிமுதல் செய்யக் காரணம் உண்டு, வண்டியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்கு அது கட்டுப்படியாகாது.

விமானத்தில், செக்-இன் பெட்டியில் 24 முதல் 70 சதவீத ஆல்கஹால் உள்ளவை ஒருவருக்கு 5 லிட்டர் வரை, சில்லறை விற்பனை சீலோடு. 70-க்கு மேல் எதற்கும் அனுமதி இல்லை. பீர், ஒயின் போல 24-க்குக் கீழே உள்ளவற்றுக்கு அந்த 5 லிட்டர் வரம்பு இல்லை. பாட்டிலைத் தடித்த துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வையுங்கள். ஓரத்தில் வைத்ததுதான் உடையும். ஆனால் விமானத்தில் ஏற்றலாம் என்பது பாதுகாப்பு விதி மட்டுமே. இறங்கும் மாநிலம் அதை ஏற்றுக்கொள்கிறது என்று அர்த்தமில்லை. வெளிநாட்டிலிருந்து வரும்போது சுங்கம் 2 லிட்டர் விடுவதும் அப்படித்தான், அது இறக்குமதி வரியைப் பற்றியது, பீகாரின் மதுவிலக்கைப் பற்றியது அல்ல. 2023-ல் டெல்லி மெட்ரோ ஆளுக்கு இரண்டு சீல் உடைக்காத பாட்டில்களை அனுமதித்தபோதும் இதே குழப்பம் வந்தது. மெட்ரோ நொய்டாவுக்கும் குருகிராமுக்கும் போகிறது, ஆயத்தீர்வைச் சட்டம் கூடவே மாறுகிறது.

ரயிலில் குடிப்பதும் குடித்துவிட்டு ஆடுவதும் ரயில்வே சட்டத்தின் 145-வது பிரிவில் வரும்: ஆறு மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம், டிக்கெட்டும் பறிபோகும். வண்டி ஓட்டுகிறவருக்கு நாடு முழுக்க ஒரே அளவு, 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட. ஒரு பெக்கிலேயே பலர் இந்த வரம்பை நெருங்கிவிடுவார்கள்.

கல்யாணத்துக்கோ ஆபீஸ் விருந்துக்கோ மது பரிமாற, அந்தந்த மாநிலத்தில் தற்காலிக உரிமம் உண்டு: டெல்லியில் பி-10, கர்நாடகத்தில் சி.எல்.-5. தமிழ்நாட்டில் 2023-ல் எஃப்.எல்.12 என்று கொண்டுவந்தபோது கல்யாண மண்டபங்களையும் சேர்த்து, எதிர்ப்பு எழுந்ததும் மண்டபத்தை மட்டும் நீக்கிவிட்டார்கள்.

உள்ளூர் வழக்கத்தோடு உட்காருவது

கள்ளிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. பாலக்காட்டு எல்லையைத் தாண்டினால் கருப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ‘கள்ளு’ என்றும், கீழே டி.எஸ். நம்பர் என்று உரிம எண்ணும் தெரியும். அந்த எண் இல்லாத இடத்தில் உட்காராதீர்கள். காலையில் இறக்கியது இனிப்பாக, லேசாகப் பொங்கும். மரத்திலிருந்து வந்த நேரத்திலிருந்தே பானையில் இருக்கும் நுரைமம் (ஈஸ்ட்) சர்க்கரையைத் தின்னத் தொடங்கிவிடும். மதியத்துக்கு மேல் புளிப்பும் கிறுகிறுப்பும் கூடும், மறுநாள் காடியாகப் போகும். அதனால் இனிப்பு வேண்டுமென்றால் முற்பகலில் போய் ‘மதுரக்கள்ளு’ கேளுங்கள். கப்பையும் மீன்கறியும் சேர்த்துச் சொல்லுங்கள், சாப்பாட்டுக்காகவே குடும்பத்தோடு வருகிற கடைகளும் உண்டு. தண்ணீர் சேர்த்த கள் நாக்கில் நிற்காமல் வழுக்கிப் போகும். குடித்த சற்று நேரத்தில் தூக்கம் அடித்துத் தள்ளினால் அதில் தூக்க மாத்திரை கலந்திருக்கலாம். தெலங்கானாவில் ஆல்பிரசோலம் கலந்த கள் பலமுறை பிடிபட்டிருக்கிறது. அந்தக் கள்ளைத் தினமும் குடித்துத் திடீரென நிறுத்துகிறவருக்கு வலிப்பே வரும்.

சிக்கிமில் தோங்பா. நொதித்த கேழ்வரகை மூங்கில் குவளையில் விளிம்புவரை நிரப்பிக் கொண்டுவருவார்கள், கூடவே ஒரு பிளாஸ்க் வெந்நீர். வெந்நீரை மேலே தொடும்வரை ஊற்றி ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். மூங்கில் உறிஞ்சியின் அடியில் சின்னக் கீறல் இருக்கும், தானியம் உள்ளே வராமல் நீர் மட்டும் வரும். உறிஞ்சியைப் போட்டுக் கிளறினால் கீறல் அடைத்துக்கொள்ளும், புதிதாக வருகிறவர் எல்லோரும் செய்யும் தப்பு இது. வற்றியதும் மறுபடி வெந்நீர், மூன்று நான்கு முறை, இனிப்பும் புளிப்பும் போய் வெறும் தண்ணீர் ஆகும்வரை. கஞ்சி குடித்த மாதிரி இதமாக இருப்பதால் ஏறுவது தெரியாது. எழுந்து நிற்கும்போதுதான் தெரியும்.

கோவாவில் முந்திரிப்பழ சீசன் கோடையில். பழத்தை மிதித்துப் பிழிந்த சாற்றை நொதிக்கவிட்டு, முதல் வடிப்பில் கிடைப்பது உர்ராக். அதை மறுபடி வடித்தால் ஃபெனி. உர்ராக்குக்கு ஆயுள் கொஞ்சநாள்தான், சீசன் முடிந்தால் கிடைக்காது. எலுமிச்சை சோடா, உப்பு, கீறிய பச்சைமிளகாய் போட்டுக் குடிப்பார்கள். ஃபெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் வாசனை அறை முழுக்க நிற்கும். முதல் தடவை அரை பெக்கோடு நிறுத்துங்கள்.

ஜார்க்கண்ட், ஒடிசாவின் வாரச் சந்தைகளில் பெண்கள் பானையில் வைத்து விற்கும் ஹண்டியா, சோற்றை ‘ரானு’ என்ற மூலிகை உருண்டையோடு நொதிக்க வைத்தது. சால் இலைத் தொன்னையில் ஊற்றித் தருவார்கள். பல பழங்குடி வீடுகளில் இது விருந்தாளிக்கும் முன்னோர்க்கும் படைப்பது. கொடுத்ததும் சில துளி தரையில் விடுவதைப் பார்த்தால் நீங்களும் பொறுத்திருங்கள். வேண்டாமென்றால் தொன்னையை வாங்கி, நெற்றியில் தொட்டுத் திருப்பிக் கொடுத்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘நாறுது’ என்று முகம் சுளிப்பதைத்தான் மறக்க மாட்டார்கள். நாகாலாந்திலும், சட்டம் ஒருபக்கம் இருக்க, டிசம்பர் முதல் பத்து நாள் கிசாமாவில் நடக்கும் ஹார்ன்பில் விழாவில் அரிசிக் கள்ளை மூங்கில் குவளையில் தருகிறார்கள்.

பாக்கெட் சாராயம், லேபிள் இல்லாத கேன், ‘வீட்டில் காய்ச்சியது’ என்று ஆள் தெரியாமல் விற்பது மட்டும் எந்த ஊரிலும் வேண்டாம். மதுவிலக்கு உள்ள ஊரில் இன்னும் வேண்டாம். 2022-ல் குஜராத்தின் போட்டாத்திலும் பீகாரின் சாப்ராவிலும், 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியிலும் ஆட்களைக் கொன்றது மெத்தனால். சாதாரணப் போதை போலத்தான் தொடங்கும். பல மணி நேரம் கழித்து வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல், மூச்சு வாங்கல் வரும். கண்முன் பனி படர்ந்தமாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் தூங்கவிடாதீர்கள், மோர் கொடுத்துப் பார்க்காதீர்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். மணிக்கணக்கில்தான் பார்வையும் உயிரும் நிற்கிறது.

பிடித்துவிட்டால்

வாக்குவாதம் வேண்டாம். கடைப் பில் இருந்தால் காட்டுங்கள். அது பாட்டிலை மீட்டுத் தராது, ஆனால் நீங்கள் விற்கக் கொண்டுபோகவில்லை என்று சொல்ல உதவும். எத்தனை பாட்டில், எந்த பிராண்டு, எந்த அளவு என்பதைப் பறிமுதல் மகஜரில் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு பாட்டில் இருபது ஆனால் பிரிவே மாறும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அபராதம் என்றால் ரசீதோடு, அதற்குரிய அதிகாரியிடம். பீகாரில் அது மாஜிஸ்ட்ரேட், சாலையில் நிற்பவர் அல்ல. புரியாத மொழியில் எழுதியிருந்தால் படித்துக்காட்டச் சொல்லுங்கள், நகல் கேளுங்கள்.

வாடகைக் கார் என்றால் இன்னொன்று. வண்டியைப் பிடித்தால் வழக்கில் உரிமையாளரும் அலைய வேண்டும், வண்டி மாதக்கணக்கில் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நிற்கும். அதனால் எல்லையோர ஊர்களில் விவரமான டிரைவர் கிளம்புமுன் டிக்கியைத் திறந்து காட்டச் சொல்வார். காட்டிவிடுங்கள், கோபப்படாதீர்கள். சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாலும் பார்த்துக்கொள்ளட்டும்.